தனியாகத்தான் போனேன்

"லைசென்ஸ் கிடைக்குமா, கிடைக்காதா? அதை முதல்ல சொல்லுங்க சார்!"

அதிகாரி நிமிர்வதற்குள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள் மனைவி. டிரைவிங் லைசென்ஸைப் பறிகொடுத்த கணவர் பின்னால் நின்றார்.

"விசாரணை அவருக்கும்மா. உங்களை யார் கூப்பிட்டா?"

"இவர் வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும் சார். அதான் நானே வந்தேன். அஞ்சு மணி ஃப்ளைட்ல எங்க பொண்ணு வர்றா, மூணு மாசக் குழந்தையோட. பேரனை இன்னும் போன்லதான் பார்த்திருக்கோம். சொந்தக் காரை வாசல்ல நிறுத்திட்டு, அவனை வாடகைக் கார்லயா கூட்டிட்டு வர்றது?"

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "ரெண்டு தடவை சிவப்பு விளக்கைத் தாண்டியிருக்கார். ரெண்டு தடவை அதிவேகம். ஆறு மாசம் ரத்து பண்ணினதே குறைச்சல்."

"நல்லாக் கேளுங்க! இவரால நான் ஆறு மாசமா பஸ்ல தொங்கறேன். எங்க அண்ணி சிரிக்கறாங்க, உன் வீட்டுக்காரர் கார் ரேஸ்ல சேர்ந்துட்டாரான்னு. எங்கே மாட்டினீங்க, எப்போ மாட்டினீங்கன்னு கேட்டா பதிலே வராது. ஐம்பத்தெட்டு வயசுல அப்படி என்ன சார் அவசரம்?"

கணவர் சுவரில் மாட்டியிருந்த சாலை விதிகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"சாலைப் பாதுகாப்பு வகுப்புக்கெல்லாம் ஒழுங்கா வந்தீங்களா?" என்றார் அதிகாரி.

"எட்டு வகுப்பும் வந்தேன் சார்."

"மறு தேர்வு?"

"நூத்துக்கு நூறு!" என்றாள் மனைவி. "கேள்வி கேட்டுக் கேட்டு உருப்போட வச்சதே நான்தான்."

முத்திரை விழுந்தது. லைசென்ஸ் மேஜைக்கு வந்தது. கணவர் கை நீட்டுவதற்குள் அது மனைவியின் கைக்குப் போய்விட்டது. மறு கையில் போன்.

"அண்ணி! கிடைச்சாச்சு! இப்போ சிரிங்க பார்ப்போம்!"

வைத்துவிட்டு எழுந்தவளை அதிகாரி நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம்மா. விளக்கக் கடிதத்துல உங்க வீட்டுக்காரர் எழுதியிருக்கார்: 'நாலு தடவையும் காரில் தனியாகத்தான் போனேன். தவறு முழுக்க என்னுடையது.'"

"பின்னே? தனியாப் போனா இவருக்குக் கண்ணுமண்ணு தெரியாது சார். நான் பக்கத்துல இருந்தா ஒரு சிக்னலைத் தாண்ட விட்டிருப்பேனா?"

"நேரமாச்சு. வா, கிளம்பலாம்." அன்றைக்கு முதல் தடவையாகக் கணவருக்கு அவசரம் வந்தது. "சார், அதெல்லாம் இப்போ எதுக்கு? வேண்டாமே."

அதிகாரி கேட்கவில்லை. சாலைக் கேமரா எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, திரையை மனைவி பக்கம் திருப்பினார்.

நாலு படம். நாலிலும் ஓட்டிக்கொண்டிருந்தவர் கணவர். நாலிலும் பக்கத்து சீட்டில், அகலத் திறந்த வாயோடு, 'போங்க, போங்க' என்று கையை முன்னால் வீசிக்கொண்டிருந்தவள் மனைவி.