வெளிச்சம் பிடித்தவர்

பல் கிட்டும் குளிரில் கார் ஹீட்டர் காற்றே விடவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்திருந்தாள் மனைவி. கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தபடி வாயாலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தார் கணவர்.

"ஃப்யூஸ்தான் போயிருக்கும். நான் அப்பவே சொன்னேன்."

"ஃப்யூஸ் நல்லா இருக்குங்க. ஃபேன் மோட்டார் வரைக்கும் கரண்ட் வருது. தட்டினா ரெண்டு சுத்து சுத்திட்டு நின்னுடுது. மோட்டார்தான் செத்துப்போச்சு."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

இந்த மனுஷனிடம் வாயைக் கொடுப்பானேன் என்று அவள் பழைய மோட்டாரைக் கழற்றினாள். சந்தேகப்பட்டு முன்பே வாங்கி வைத்திருந்த புதியதை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, சுவிட்சைத் திருகினாள். சூடான காற்று முகத்தில் அடித்தது.

"அப்பாடா! லைட்டை அணைங்க, கண்ணு கூசுது."

"இரு, இரு."

அவள் விரலில் இருந்த அழுக்கைத் தொட்டுத் தன் கன்னத்தில் தடவிக்கொண்டு, கைபேசியைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினார்.

"பார்த்தீங்களா நண்பர்களே! பழுதைக் கண்டுபிடிச்சதும் நான்தான், மோட்டாரை மாத்தினதும் நான்தான். மறக்காம நம்ம சேனலை சப்ஸ்க்ரைப் பண்ணுங்க!"

பதிவை நிறுத்திவிட்டு அவள் மேல் எரிந்து விழுந்தார்.

"நீ பேசினதையெல்லாம் வெட்டிடலாம். கையில தெரியற வளையலை எப்படிடி வெட்டறது? அடுத்த தடவை கழட்டி வச்சுட்டு வா!"