அளவுக் கயிறு

அமெரிக்கத் தூதரின் மனைவி லவீனியா முதலில் பிலவேந்திரனைத் தையல்காரர் என்றே நினைத்தாள். அந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கிய வாரமே அவர் ஒரு கயிற்றோடு வந்து, வீட்டில் நான்கு பேரையும் உச்சந்தலை முதல் பாதம்வரை அளந்து, ஆளுக்கொரு முடிச்சுப் போட்டுக்கொண்டு போனார். மாதம் இரண்டாகியும் உடுப்பு வரவில்லை.

"அவர் தச்சர்," என்றார் தூதர், எழுதிக்கொண்டிருந்த கடிதத்திலிருந்து தலை நிமிராமல். "காய்ச்சல் மாசத்துல சவப்பெட்டி செய்ய நேரம் இருக்காது. முன்னாடியே பலகை அறுத்து வச்சிடுவாங்க."

ஒரு வருடம் கழித்து, இன்று பிலவேந்திரன் மறுபடியும் கயிற்றோடு வாசலில் நின்றார்.

"போன வருஷந்தானே அளந்தீங்க?"

"பிள்ளைங்க வளருதுல்ல, தொரசானியம்மா. பழைய அளவு பத்தாது."

ஏழு வயது மகள் ஹெட்டி ஓடிவந்து சுவரோடு ஒட்டி, நுனிக்காலில் எக்கி நின்றாள். "நான் எவ்வளவு வளர்ந்திருக்கேன், பாருங்க!"

லவீனியாவின் கை தன்னையறியாமல் அவள் தோளைக் கீழே அழுத்தியது.

நான்கு முடிச்சுகளும் விழுந்தன. பிலவேந்திரன் லவீனியாவை ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பார்வையை அவள் வயிற்றுக்குத் தாழ்த்தி, கயிற்றின் நுனியிலிருந்து இரண்டு சாண் தள்ளி, ஐந்தாவதாக ஒரு முடிச்சைப் போட்டார்.

அவள் இன்னும் கணவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.