அட்டை மட்டும் போதும்

பழைய இசைத்தட்டுக் கடைக்காரர், பரணிலிருந்து ஒரு தட்டை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார். “முழுக்கக் காதல் பாட்டு சார். இதைப் போட்டா கோபத்துல இருக்கிற பொண்டாட்டிகூடச் சிரிச்சிடுவா. வீட்டம்மாவுக்கா?”

“ஆமா, அவளுக்குத்தான்” என்றார் வந்த பெரியவர். “ஒரு கத்தரிக்கோல் கிடைக்குமா?”

பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கத்தான் கேட்கிறார் என்று கடைக்காரர் நீட்டினார். பெரியவரோ தட்டை உருவி மேசைமேல் வைத்துவிட்டு, அட்டையை வெட்டத் தொடங்கினார். கோட்டு போட்ட பாடகரின் தோளில் சாய்ந்து ஓர் இளம்பெண் வாய்விட்டுச் சிரிக்கும் படம் அது. பாடகர் துண்டாகிக் கீழே விழுந்தார்.

கடைக்காரர் குனிந்து அந்தத் துண்டை எடுத்தார். “ஐயோ, என்ன சார் பண்றீங்க!”

“பாட்டை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு இவ போதும். கல்யாணத்துக்கு முன்னாடி இதுக்கு மாடலா நின்னா. நேத்து போயிட்டா. பேப்பர்ல போட, அம்மா சிரிக்கிற போட்டோதான் வேணும்னு பொண்ணு பிடிவாதமா நிக்கிறா.”

கடைக்காரரின் குரல் இறங்கியது. “வீட்டுல வேற போட்டோ இல்லையா சார்?”

பெரியவர் கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்தார்.

“முப்பத்தெட்டு வருஷத்துப் போட்டோ இருக்கு. எல்லாத்தையும் புரட்டிப் பார்த்துட்டேன். என் பக்கத்துல நிக்கிறப்போ அவ ஒரு தடவைகூடச் சிரிக்கலை.”