தூக்கம் வேறு

வாயை ஆவென்று திறக்கச் சொன்னார் மயக்க டாக்டர்.

திறந்தான். டார்ச் அடித்துப் பார்த்தார். ஆடுகிற பல் உண்டா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு கழுத்தை அண்ணாந்து காட்டச் சொன்னார்.

அண்ணாந்தான். உடம்பு விறைத்தது. கழுத்தை இன்னொருவருக்குக் காட்டிக்கொண்டு கிடப்பது அவனுக்குப் பழக்கமில்லை.

"பீடி உண்டா?"

"ஜெயிலோட விட்டாச்சும்மா."

டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதிக்கொண்டார்.

நாளைக் காலையில் பித்தப்பையை எடுக்கப் போகிறார்கள். உள்ளே கல்.

கட்டிலின் கால்மாட்டில் அவன் மனைவி செல்லக்கனி நின்றாள். சோறு இறங்காமல் அவன் புரண்டுகொண்டிருந்ததைப் பார்த்தவள். அவன் வாய் திறந்து கேட்க மாட்டான் என்பதால் அவளே கேட்டாள்.

"டாக்டரம்மா, வெட்டிக்கிட்டு இருக்கும்போதே பாதியில முழிச்சிட்டா என்ன செய்ய? இவுகளுக்கு அதுதான் பயம்."

டாக்டர் பேனாவை மூடினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். சின்ன வயசு. குரலில் அவசரமே இல்லை.

"ஐயா, நீங்க இதைத் தூக்கம்னு நினைச்சுக்கிறீங்க. அதான் பயம். தூக்கம் வேற, மயக்கம் வேற. தூங்குற ஆளை ஒரு ஊசியால குத்துங்க, பதறி எழுந்திருவாரு. வலி முழுசாத் தெரியும். முழிச்சிருக்கிற ஆளுக்கு எப்படியோ அப்படியேதான். நாங்க குடுக்கிறது அப்படி இல்ல. வெட்டுறது, தைக்கிறது எதுவும் உங்களுக்குத் தெரியாது. முடியிற வரைக்கும் நான் உங்க தலைமாட்டுலயே இருப்பேன்."

"கேட்டீகளா?" என்றாள் செல்லக்கனி. முகம் தெளிந்துவிட்டது அவளுக்கு.

அவன் கேட்டான்.

தூங்குற ஆளை.

செங்கல் சூளை. உச்சி வெயில். கொட்டகைக்குள் கயிற்றுக் கட்டிலில் மாசானமுத்து மல்லாந்து கிடந்தான். மீசையில் ஒரு சோற்றுப் பருக்கை. சந்தையில் அத்தனை பேர் பார்க்க, இவன் அப்பாவைச் செருப்பால் அடித்தவன்.

முதல் வெட்டு கழுத்தில் விழவேண்டியது. தாடையில் விழுந்தது.

எலும்பில் மாட்டிய அரிவாளை உருவ, இவன் அந்த மார்பில் காலை ஊன்றினான்.

கண் திறந்தது.

கை மேலே வந்தது. அடுத்த வெட்டை அந்தக் கைதான் வாங்கியது. விரல்கள் கட்டிலுக்கு அடியில் தெறித்தன. வாயிலிருந்து ஏதோ வந்தது. சொல்லாக வரவில்லை. இவன் நிறுத்தவில்லை. கட்டில் கயிறு அறுந்து உடம்பு தரையைத் தொட்ட பிறகும் நிறுத்தவில்லை.

ஜெயிலுக்குப் போன புதிதில் அவனால் கண்ணை மூட முடியவில்லை. அப்புறம் ஒன்றைப் பிடித்துக்கொண்டான். மாசானமுத்து தூக்கத்திலேயே போய்விட்டான். அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கண் திறந்ததும் கை வந்ததும் அறுபட்ட கோழி துடிக்கிற மாதிரி. வெறும் உடம்பு. ஆள் உள்ளே இல்லை.

விடுதலையாகி வந்தபோது செல்லக்கனியிடம் அதைத்தான் சொன்னான். அவளும் அதை நம்பித்தான் அவனோடு மறுபடி ஒரே வீட்டில் படுத்தாள்.

"வேற ஏதாவது சந்தேகம் இருக்கா ஐயா?"

இல்லை என்று தலையாட்டினான். டாக்டர் அவன் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

செல்லக்கனி போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். பாதி மடிப்பில் கை நின்றது.

அவனைப் பார்த்தாள்.

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்.

அன்றைக்கு அவள் அவன் கட்டிலுக்கு அடியில் பாயை விரிக்கவில்லை. வராந்தாவுக்குக் கொண்டுபோனாள்.

காலையில் தியேட்டரில் குளிர் எலும்பைப் பிடித்தது. தலைக்கு மேல் பெரிய விளக்கு. சொன்னபடியே தலைமாட்டில் டாக்டர்.

"கொஞ்சம் கொறைச்சுக் குடுங்கம்மா" என்றான்.

"எதை?"

"மயக்கத்த. கொஞ்சம் தெரியட்டும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "இப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து கையில் ஏறியது. உதட்டைக் கடித்தான். கண்ணை விரித்து வைத்துக்கொள்ளப் பார்த்தான்.

முடியவில்லை.

யாரோ கன்னத்தைத் தட்டினார்கள். எல்லாம் முடிந்துவிட்டதாம். வெட்டி, எடுத்து, தைத்துவிட்டார்களாம். அவனுக்கு அதில் ஒரு துளிகூடத் தெரியவில்லை. அப்படி ஒரு கருணை. கண்ணின் ஓரமாக நீர் வழிந்து காதுக்குள் போனது.

சாயங்காலம் வலி வந்தது. முதலில் மெல்ல. பிறகு வயிற்றை உள்ளிருந்து யாரோ கிழிக்கிற மாதிரி.

சிஸ்டர் வலி ஊசியோடு வந்தாள். அவன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

"வேண்டாம் சிஸ்டர்."

"தாங்க மாட்டீங்க. மயக்கம் இப்பத்தான் முழுசாத் தெளியுது. போகப்போக இன்னும் கூடும்."

"கூடட்டும்."

பல் நறநறத்தது. ஒரு கையால் கட்டில் கம்பியை இறுகப் பிடித்தான். நெற்றியிலிருந்து வேர்வை தலையணையில் சொட்டியது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

சிஸ்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது. செல்லக்கனியிடம் திரும்பினாள்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. போட்டுக்கச் சொல்லுங்க."

செல்லக்கனி ஊசியைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, வெந்நீர் வாங்கக் கீழே இறங்கிப் போனாள்.