அறுத்த வீடு

"இன்னொரு தடியில அந்தத் தகரத்தை அடிச்சுப் பாரு. கையை வெட்டி ஆத்துல போட்டுடுவேன்."

கிளாஃபிரா சும்மா மிரட்டவில்லை. கோடாலி கையில்தான் இருந்தது.

ஏணியில் நின்ற லெவ் நகரத்து அருங்காட்சியகத்து ஆள். மரத்தடிகளுக்கு எண் பொறித்த தகரம் அடித்து, வீட்டைப் பிரித்து, பினேகா ஆற்றுக்கு அக்கரையில் மறுபடி பூட்ட வந்தவன். நூற்றிருபது வருட வீடு. ஓர் ஆணி கிடையாது. தடியைத் தடி கவ்விக்கொண்டு நிற்கிறது.

நடுவில் மட்டும், கூரையிலிருந்து தரைவரை, ரம்பத்தால் அறுத்த வெட்டு.

வெட்டுக்கு இந்தப் பக்கம் கிளாஃபிரா. அந்தப் பக்கம் பிமென், அவளை விட்ட புருஷன். இடையில் ஒரு பலகைச் சுவர்.

வீட்டைக் கொடுக்க அவளுக்குச் சம்மதம்தான். வெட்டுப்பட்ட தடிகளைக் கழித்துவிட்டு முழுத்தடி போடப்போகிறோம் என்று லெவ் வாய்விட்ட பிறகே கோடாலியை எடுத்தாள்.

"வீட்டோட அழகையே கெடுத்தது அந்த வெட்டுதானேம்மா?" என்றான் லெவ்.

பலகைக்கு அப்பால் பிமென் கத்தினான். "மூடித் தொலைங்கய்யா! கோவத்துல நான் அறுத்தது. பாதி வீட்டை அவ மூஞ்சில விட்டெறிஞ்சேன். அந்தச் சனியனுக்கு இப்ப என்னவாம்?"

இருபது வருடமாக அவன் ஊரெல்லாம் சொல்லிவரும் கதை. இந்த வசந்தத்தில் பனி உருகும்வரை அவளும் அதை மறுத்ததில்லை.

கோடாலியின் பின்புறத்தால் பலகையில் ஓங்கி அடித்தாள்.

"ரெண்டு பேர் இழுக்கிற ரம்பம்டா அது! நீ ஆத்துல மரத்தை மிதக்கவிட்டு ஓட்டப் போயிருந்தே. என்கூட மறுமுனையைப் பிடிச்சது யாருன்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அந்தப் பக்கம் காலடி பலகையை ஒட்டி வந்து நின்றது.

பிறகு, இறங்கிய குரலில்: "வெட்டு இருந்துட்டுப் போகட்டும். எழுதிக்கய்யா."

லெவ் எழுதிக்கொண்டான். யாரும்மா அது என்று கேட்டான். அவள் அவனை முறைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கிளாஃபிராவின் இரண்டு பல்லை உடைத்துவிட்டுப் பிமென் ஆற்றுக்குக் கிளம்பிய அன்று காலை, அடுப்புக்கரியால் சுவரில் கோடு கிழித்தவள் அவனைப் பெற்ற தாய். ரம்பத்தின் மறுமுனையை மூன்று நாள் சளைக்காமல் இழுத்தாள். கடைசித் தடியும் அறுபட்டதும் தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மருமகளின் பாதிக்கு வந்தாள்.

இந்த வசந்தத்தில் அவளைப் புதைக்கிறவரை அங்கேயேதான் இருந்தாள்.