ஆள் அடையாளம்

“வழி விடுங்க, வழி விடுங்க! உசுரு சமாச்சாரம்!”

பைக்கைத் தடுப்புக்கு வெளியே போட்டுவிட்டு, கிரிவலப் பாதையில் கூட்டத்துக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தான் இளஞ்செழியன். பௌர்ணமி நாள். மணி மூன்று இருபது. நான்கு மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள்.

“யோவ், ஊரே வலமா வருது, நீ மட்டும் இடமா சுத்துறியே! வெளங்குமா?” என்று அதட்டினார் ஒரு காவி வேட்டிக்காரர்.

“சுத்தலீங்க, ஆளைத் தேடிப் போறேன்!”

வேங்கிக்காலில், வெளிநாட்டில் சிக்கியவர்களுக்கான உதவி மையத்தில் அவன் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். போளூர்க்காரன். வேலைக்கு வந்து ஆறு மாதம்தான்.

ஆப்பிரிக்காவில் ஒரு நாடு பற்றி எரிந்துகொண்டிருந்தது. அங்கே அகதிக் குழந்தைகளுக்குச் சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர் இனியா, வயது இருபத்தாறு, சொந்த ஊர் அடி அண்ணாமலை. தங்கியிருந்த விடுதியோடு அவள் பாஸ்போர்ட்டும் சாம்பலாகிவிட்டது. ஊரில் அவளைத் தெரிந்த ஒருவர் போட்டோவைப் பார்த்து ‘இவள்தான்’ என்று கையெழுத்துப் போட்டால்தான் கடைசி விமானத்தின் பட்டியலில் இடம்.

காலையில் அவள் போனில் பேசியபோது பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

“சினேகான்னு ஒரு ஃப்ரெண்டு இருக்காண்ணா, அவகிட்ட கையெழுத்து வாங்கிக்குங்க. எங்க வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க...” லைன் அறுந்துவிட்டது.

சினேகாவின் போன் நாள் முழுக்க அணைந்தே கிடந்தது. வீட்டில் பதறுவார்களே என்று இனியா பயப்படுகிறாள், பாவம் என்று நினைத்தான் இளஞ்செழியன். அவன் விடவில்லை. இனியாவின் பழைய கல்லூரிச் சேர்க்கைப் படிவத்திலிருந்து அப்பா பெயரையும் வீட்டு முகவரியையும் தோண்டி எடுத்துவிட்டான்.

மாடி வீடு. வாசலில் மல்லாட்டை உரித்து வேர்க்கடலைப் பருப்பைத் தனியே போட்டுக்கொண்டிருந்தாள் கன்னியம்மாள். மூச்சிரைக்க செல்போனை நீட்டினான்.

“இது உங்க பொண்ணு இனியாதானேம்மா?”

மடியிலிருந்த மல்லாட்டை தரையெங்கும் சிதறியது. அவள் வீட்டுக்குள் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். போனை அவன் நெஞ்சோடு சேர்த்துத் தள்ளினாள்.

“இல்ல. எனக்குப் பொண்ணே இல்ல. கெளம்பு சார்.”

“நல்லாப் பாருங்கம்மா. கையெழுத்து இல்லேன்னா அங்கயே மாட்டிக்குவாங்க. கண்டமேனிக்குச் சுடுறாங்க!”

“அங்கயே கெடக்கட்டும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “உன் கால்ல விழறேன் சார், சத்தம் போடாம போயிடு.”

பெற்ற வயிறா இது! இளஞ்செழியனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“யாரு கன்னியம்மா?”

வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக வெளியே வந்தார் வேடியப்பன். போனை வாங்கினார். இமைக்காமல் பார்த்தார். மகளின் முகத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

“எளைச்சுப் போயிட்டா. எம் பொண்ணுதான் தம்பி. எங்க கையெழுத்துப் போடணும்?”

அப்பாடா! இளஞ்செழியன் அவசரமாகப் படிவத்தை விரித்தான். “உங்க பொண்ணோட வீட்டுக்காரர் பேருக்கு நேரா அருள்ராஜ், காலமானார்னு போட்டிருக்காங்க. சரிதானுங்களே?”

“ஆமாமா.”

“லாரி மோதிடுச்சு சார்” என்றான், வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த மகன் மாறன். அவனை யாரும் கேட்கவில்லை.

வேடியப்பன் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்திட்டார். “பிளேன் எந்த ஊருக்கு வருது? எத்தினி மணிக்கு?”

“மெட்ராஸுக்குங்க. நாளைக்குச் சாயந்திரம் அஞ்சு பத்து. கையெழுத்துப் போட்டவங்க கையிலதான் ஒப்படைப்பாங்க. வேற யார் கூடவும் அனுப்ப மாட்டாங்க, பயப்படாதீங்க.”

“நல்ல ஏற்பாடு” என்றார் வேடியப்பன்.

படிவத்தைப் படம் பிடித்து அனுப்பினான். மணி மூன்று ஐம்பத்திரண்டு. இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: ‘உறுதி செய்யப்பட்டது.’

கன்னியம்மாள் சிதறிய மல்லாட்டைக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். இப்போதாவது பாசம் வந்ததே என்று நினைத்துக்கொண்டான் இளஞ்செழியன்.

“தம்பி வெயில்ல ஓடியாந்திருக்கு” என்று வேடியப்பனே உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். “டேய் மாறா, வண்டிக்கு இப்பவே டீசல் போட்டு வெச்சுடு.”

மோரை ஒரே மூச்சில் குடித்து வாயைத் துடைத்தான் இளஞ்செழியன். நெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றியாகிவிட்டது.

“அவ்ளோ பெரிய கலவரத்துலேர்ந்து தப்பிச்சு வர்றாங்க. சும்மா விடாதீங்கய்யா, ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிடுங்க!”

வேடியப்பன் காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

“போஸ்டரு அவ அந்தப் பயலோட ஓடிப்போன மறுநாளே ஒட்டியாச்சு தம்பி, கண்ணீர் அஞ்சலின்னு. ஆளுதான் பாக்கி.”