துண்டுக்காக ஒரு சண்டை

"இந்த மொட்டைக் கத்திய வச்சு எவன் தேயிலைச் செடியக் கவ்வாத்து வெட்டுவான்?" என்று கத்தியைத் தோட்டத்துத் துரையின் பூட்ஸுக்கு முன்னால் வீசினான் கன்னையா.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்ற அத்தனை பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். வாய்ச்சண்டைக்குப் பேர்போன பழனியாண்டிக் கங்காணி போன வாரம் காய்ச்சலில் செத்ததிலிருந்து துரையே வந்துதான் ஆள் பிரிக்கிறார். அவரிடமா இந்தப் பேச்சு?

கத்தி மொட்டையே இல்லை. நேற்றுச் சாயங்காலம் கன்னையாவே தீட்டியது.

அவனுக்கு வேண்டியது துண்டு. துரை கையெழுத்துப் போட்ட அந்த விடுகைச் சீட்டு இல்லாமல் வேறெந்தத் தோட்டமும் அவனைச் சேர்க்காது. றக்வானைத் தோட்டத்தில் அவன் பெண்சாதி மூக்காயி நிறைமாதமாகத் தனியே கிடக்கிறாள். ஏழு தடவை கும்பிட்டுக் கேட்டான். "நல்ல ஆளை விடமாட்டேன்" என்று ஏழு தடவையும் துரத்திவிட்டார் துரை. நல்லவனாக இருந்து தொலைத்தானே, பாவம்!

வழி சொன்னவர் பங்களாச் சமையல்காரர் நிலாம். "போன வருஷம் மூணு பேருக்குத் துண்டு குடுத்தாரு. ஒருத்தன் ராட்டி, ஒருத்தன் க்ரஸ்டி, ஒருத்தன் ஷர்ட்டி."

"அதெல்லாம் என்னா நோவு, நிலாம் நானா?"

"நோவு இல்ல. எரிஞ்சு விழுறவன், எதுத்துப் பேசுறவன், மல்லுக்கு நிக்கிறவன். தொரைமாரு இங்கிலீசுல அதுக்கே பத்து வார்த்த வச்சிருக்காங்க. 'தோட்டத்துக்கு ஒரு சண்டக்காரன் போதும்'னு சொல்லித்தான் மூணு பேரையும் வெரட்டினாரு."

அன்றிலிருந்து கணக்கப்பிள்ளையோடு சண்டை, கொழுந்து நிறுக்கிறவரோடு சண்டை. பழக்கமில்லாத தொண்டை மூன்றே நாளில் கட்டிக்கொண்டது. நாலாம் நாள்தான் இந்தக் கத்தி.

துரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஷர்ட்டி!" என்றார்.

கன்னையாவுக்குச் சந்தோஷத்தில் கும்பிடத் தோன்றியது. அடக்கிக்கொண்டு முறைத்தான்.

"ஆபீசுக்கு வா."

ஆபீசில் துரை ஏதோ எழுதி மை ஒற்றினார். கன்னையாவின் மனசு அதற்குள் றக்வானை மேட்டில் பாதி ஏறிவிட்டது. இரண்டு கைகளையும் நீட்டினான்.

துரை எழுந்து, சுவரின் ஆணியில் தொங்கிய கறுப்புக் கோட்டை எடுத்து அந்தக் கைகளில் போட்டார். பழனியாண்டியின் சுருட்டு வாசம் அதில் இன்னும் போகவில்லை.

"நாளைக்குப் பெரட்டுக்கு இதைப் போட்டுக்கிட்டு வா, கங்காணி."